மறு: நோனே, நோனா: நாளுக்கு என்ன சொல், வேளைக்கு என்ன சொல்?

அனைவருக்கும் வணக்கம். 'ஒன்பதாவது' என்று பொருள்படும் இரண்டு லத்தீன் சொற்களுக்கு, அதாவது ரோமானிய மாதத்தில் ஒரு நாளான நோனேக்கும் கிறிஸ்தவச் செபவேளையான நோனாவுக்கும், தமிழில் என்ன சொல் வைக்கலாம் என்ற கேள்விக்கு என் பதில் இது.

ரோமானிய மாதத்தின் நோனே நாளுக்கு 'நவமி' என்ற பரிந்துரை காதுக்கு இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனாலும் வேண்டாம் என்பேன். நவமி, அமாவாசையிலிருந்தோ பௌர்ணமியிலிருந்தோ முன்னோக்கி எண்ணி வரும் திதி. நோனே பின்னோக்கி எண்ணி வருவது. ஈடஸ் என்பது ரோமானிய மாதத்தின் நடுநாள்; மார்ச்சில் அது 15ஆம் தேதி. அதையும் சேர்த்து 15, 14, 13 என்று பின்னால் எண்ணிக்கொண்டே போனால் ஒன்பதாவதாக 7 வரும். அதுதான் நோனே. ஜனவரியில் ஈடஸ் 13, ஆகவே நோனே 5. இரு முனையையும் சேர்த்து எண்ணுவது நமக்கும் பழக்கமானதுதான்: 'இன்றைக்கு எட்டாம் நாள்' என்றால் அடுத்த வாரம் இதே கிழமை. போதாக்குறைக்கு, ஆதியில் ஈடஸ் முழுநிலவையும் நோனே அரைநிலவையும் ஒட்டியவை என்பார்கள். அரைநிலவு நமக்கு அஷ்டமி! பஞ்சாங்கம் தெரிந்தவர் நவமியைப் பார்த்துச் சிரிப்பார்.

'ஒன்பதாம் நாள்' என்றால் 9ஆம் தேதி என்றே படிப்பார்கள். 'ஒன்பான் சுவை'யில் நிற்கும் பழைய வடிவத்தைக் கொண்டு 'ஒன்பான்நாள்' என்று வைக்கலாம். வழக்கில் இல்லாத வடிவம் என்பதே இங்கே வசதி. யாரும் தேதியோடு குழப்பிக்கொள்ள மாட்டார்கள்.

செபவேளையான நோனா பிற்பகல் மூன்று மணியை ஒட்டி வருவதால் அதற்கு 'மூன்று மணிச் செபம்' என்று பரிந்துரைப்பதிலும் எனக்கு உடன்பாடில்லை. ரோமானியர் விடியல் முதல் அந்தி வரையிலான பகலை 12 கூறாக்கினர். கோடையில் கூறு நீளும், குளிர்காலத்தில் சுருங்கும். அதில் ஒன்பதாவது கூறுதான் இது, கடிகாரத்துக்குக் கட்டுப்பட்டதல்ல. பழைய தமிழ் விவிலியம் அப்போஸ்தலர் 3:1இல் 'ஒன்பதாம்மணி நேரம்' என்கிறது. இன்றைய வாசகருக்கு அது காலை ஒன்பது மணி. ஆகவே 'மணி'யை விட்டுவிட்டு, பகலின் 3, 6, 9ஆம் கூறுகளுக்குரிய செபங்களை மூன்றாம் வேளை, ஆறாம் வேளை, ஒன்பதாம் வேளை என்று வரிசையாகவே வைக்கலாம். சுருக்கம் கருதி 'மூவேளை' என்று ஆக்க வேண்டாம்; மருந்துச் சீட்டு நினைவுக்கு வரும். முதல் கூறின் செபத்துக்கான 'முதல் வேளை' வரலாற்று எழுத்துக்கு மட்டுமே தேவைப்படும். கத்தோலிக்கத் திருச்சபையின் இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் அந்தச் செபத்தை நீக்கிவிட்டது.

மாதப் பிறப்பான கலெண்டேக்கு 'அறைநாள்' பொருந்தும். அன்று ரோமானியக் குருமார் நாட்கணக்கை உரக்க அறிவித்ததால் வந்த பெயர் கலெண்டே; அறைதல் என்றாலும் உரக்க அறிவித்தல்தான். நம் வீட்டுச் சுவரில் தொங்கும் காலண்டருக்கும் கலெண்டேயே மூலம்.

ஈடஸுக்கு 'உவாநாள்' என்ற யோசனை இருக்கிறது. ஆனால் உவா என்ற பழஞ்சொல் முழுநிலவையும் குறிக்கும், அமாவாசையையும் குறிக்கும். தவிர, கி.மு. 44இல் சீசர் கொல்லப்பட்ட மார்ச் ஈடஸ், அவரே கொண்டுவந்த சூரிய நாட்காட்டியில் வந்த நாள். நிலவோடு அதற்குத் தொடர்பில்லை. இதற்கு வேறு சொல் யாரிடமாவது இருக்கிறதா?