கணினிக்கு முதன்முதலாக நீர்க்குளிரூட்டி அமைக்க உதிரிகள் வாங்கியபோது உங்களுக்கு நேர்ந்தது என்ன?

செந்தூல்வாசி:
ரேடியேட்டர் வந்த பெட்டியை அப்பாதான் முதலில் கையில் எடுத்தார். பழைய இரும்புக் கடையில் முப்பது ஆண்டுகள் எடை பார்த்தவர். இரண்டு முறை ஏற்றி இறக்கிவிட்டு, "தம்பி, இது அலுமினியம். செம்பாக இருந்தால் கை இறங்கும்" என்றார். வெள்ளைப் பெயின்ட் அடித்த 360 மி.மீ. ரேடியேட்டர், விலை 95 ரிங்கிட். விளம்பரத்தில் உலோகத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. எதுவானால் என்ன, காற்று பட்டால் குளிரத்தானே போகிறது என்று வாங்கி வைத்துவிட்டேன். பிராசசர்மேல் உட்கார்ந்து உள்ளே நீர் ஓடும் 'பிளாக்', நிக்கல் பூசிய செம்பு. குழாயை மாட்டும் ஃபிட்டிங் பித்தளை. பம்ப் டி5 வகை. அவற்றையெல்லாம் கோலாலம்பூரின் கணினிக் கடைத்தொகுதியான லோயாட் பிளாசாவில் மாடி மாடியாக ஏறி இறங்கிப் பார்த்து வாங்கினேன். ரேடியேட்டரை மட்டும் இணையத்தில் பார்க்காமல் வாங்கினேன்.

ஏழாம் மாதம் பிராசசரின் வெப்பம் 70 டிகிரியிலிருந்து 88க்கு ஏறியது. பிளாக்கைத் திறந்தேன். மெல்லிய செம்புத் தகடுகளுக்கு நடுவே சாம்பல் நிறச் சேறு, புளித்த மாவு அடியில் படிந்தது போல அடைத்துக்கொண்டிருந்தது. பல் துலக்கியால் தேய்த்தபோது நிக்கல் பூச்சு மீன் செதில்போல் உரிந்து விரலில் ஒட்டியது. செம்பும் அலுமினியமும் ஒரே நீரில் தொடர்பில் இருந்தால் அலுமினியம்தான் கரையும் என்று படிவம் ஐந்து வேதியியலில் நானே எழுதித் தேறியிருக்கிறேன். அப்பா டார்ச் விளக்கைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றார். அன்று சொன்னதை அவர் திரும்பச் சொல்லவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

பாயான் லெப்பாஸ் இரவுப்பணி:
என்னுடையது கிராஃபிக்ஸ் அட்டை. 2021, நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலம். ஆர்டிஎக்ஸ் 3080 கிடைத்ததே பெரிய காரியம். "3080க்கு உரியது" என்று போட்டிருந்த பிளாக்கை வெளிநாட்டிலிருந்து வரவழைத்தேன். வந்து சேர ஐந்து வாரம் ஆனது. வேலை முடிந்து காலையில் வந்தவன் தூங்காமல் அட்டையைப் பிரித்தேன். பிளாக்கை வைத்தால், ஒரு கால் குட்டையான மேசைபோல ஆடியது. குனிந்து பார்த்தேன். பிளாக்கின் உலோகக் கால் ஒரு மின்தேக்கியின் தலைமேல் உட்கார்ந்திருந்தது.

என்விடியா தானே விற்ற அட்டையின் போர்டு வேறு, மற்ற நிறுவனங்கள் விற்ற 3080 அட்டைகளின் போர்டு வேறு. சிப்பின் பெயர் ஒன்றாக இருந்தால் போதாது. அட்டையின் முழு மாடல் எண்ணை பிளாக் செய்பவர்களின் பொருத்தப் பட்டியலில் தேடிப் பார்த்த பிறகே பணம் கட்ட வேண்டும். எனக்கு அது அப்போது தெரியாது. தூக்கக் கலக்கத்தில், இறுக்கினால் உட்கார்ந்துவிடும் என்று ஒரு திருகைச் சுற்றினேன். 'டிக்' என்று ஒரு சத்தம். அட்டை அதன்பின் எழுந்திருக்கவில்லை.

பிரிக்ஃபீல்ட்ஸ் மாடிவீடு:
செந்தூல் தம்பி, எந்த நீர் ஊற்றினீர்கள் என்று எழுதவே இல்லையே? குழாய்த் தண்ணீரா, காய்ச்சி வடித்த நீரா, அரிப்புத் தடுப்பான் கலந்த குளிர்நீரா? அது தெரியாமல் ரேடியேட்டரின் தலையில் முழுப் பழியையும் போடுவது சரியல்ல.

என் கதை சிறியது. பிராசசரும் கிராஃபிக்ஸ் அட்டையும் சேர்ந்து 450 வாட் வெப்பம் தரும். அதற்கு ஒரே ஒரு 240 மி.மீ. ரேடியேட்டர் போட்டேன். குழாய், பெட்ஜி என்ற கடின பிளாஸ்டிக். குளிர்சாதனம் இல்லாத அறை, மாலை நான்கு மணி, நீர் 58 டிகிரி. ஃபிட்டிங்குக்குள் குழாயின் விளிம்பு இளகி, ஓரத்தில் ஒரு துளி திரண்டு நின்றது. விழவில்லை. அதற்குள் மின்சாரத்தை அணைத்துவிட்டேன்.

புதிதாக வாங்குகிறவர்களுக்காகச் சொல்கிறேன். ரேடியேட்டர் எவ்வளவு பெரிதானாலும் நீர் அறைக் காற்றைவிடக் குளிராது. இணையத்தில் காணும் சோதனைகள் பெரும்பாலும் 20, 22 டிகிரி அறையில் செய்தவை. கோலாலம்பூரில் பகலில் அறையே 31, 32. பத்து டிகிரியைக் கூட்டிக்கொண்டுதான் அந்த எண்களைப் படிக்க வேண்டும். அங்கே ஒரு 360 போதும் என்றால் இங்கே ஒரு 240ஐயும் சேர்த்துக்கொள்ளுங்கள். முதல் முறை என்றால் மென்குழாய்தான், 10/16 மி.மீ., அதிலும் கறுப்பு ரப்பர் வகை. தெளிவான மென்குழாய் பலவற்றில் நெகிழ்வூட்டி (பிளாஸ்டிக்கை மென்மையாக்கச் சேர்ப்பது) கசிந்து பிளாக்கில் படியும். எல்லா ஃபிட்டிங்கும் ஜி 1/4 அளவு மரையா என்று பாருங்கள். முத்துப்போல் மின்னும் குளிர்நீர் வேண்டாம், துகள் அடியில் தங்கும். நீரை வடிக்க மிகத் தாழ்வான இடத்தில் ஒரு வால்வு வையுங்கள். அதை மறந்தவர்கள் கணினியையே தூக்கிச் சாய்க்க வேண்டியிருக்கும். ரேடியேட்டர் பிளாக்குக்கு முன்பா பின்பா என்று வரைபடம் போட்டு வாரக்கணக்கில் தவிக்காதீர்கள். நிமிடத்துக்கு 4 லிட்டர் ஓடும் நீர் 300 வாட்டை வாங்கினால் ஏறுவது ஒரு டிகிரிதான். நீர்த்தொட்டி பம்புக்கு முன்னால் இருக்கட்டும், வரிசையில் அது ஒன்றே முக்கியம். நீரில்லாமல் ஓடிய பம்பின் தாங்கி தேய்ந்துவிடும்.

ஜெலுத்தோங் மீன்தொட்டி:
அறைக் காற்றைவிடக் குளிர வைக்கலாமே என்று மீன்தொட்டி நீரைக் குளிர்விக்கும் 'சில்லர்' கருவியை இணைத்தேன். நீர் 16 டிகிரி. பினாங்குக் காற்றில் சுமார் 24 டிகிரிக்குக் கீழே எது இருந்தாலும் வியர்க்கும். ஒரு மணி நேரத்தில் குழாய், பிளாக், மதர்போர்டின் பின்புறம் எல்லாம் ஐஸ் கச்சாங் கிண்ணத்தின் வெளிப்புறம்போல் நனைந்துவிட்டன. கசிவு என்று நினைத்து அரை மணி நேரம் ஃபிட்டிங்குகளையே இறுக்கிக்கொண்டிருந்தேன்.

பிறைக்காரி:
பிரிக்ஃபீல்ட்ஸ் ஐயா, முதல் முறைக்குக் கடினக் குழாயே கூடாது என்பதை நான் ஏற்கமாட்டேன். பெட்ஜி இளகும், சரி. என்னுடையது 14 மி.மீ. அக்ரிலிக், இதே வெயிலில் மூன்றாவது ஆண்டாக ஓடுகிறது. உங்களுக்கு நேர்ந்தது சிறிய ரேடியேட்டரால் வந்த வினை. குழாயைக் குற்றம் சொல்லாதீர்கள்.

என்னைப் பயமுறுத்தியது ஓர் ஓ-வளையம், மூட்டில் நீர் கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையம். கசிவு இருக்கிறதா என்று பார்க்க, மதர்போர்டுக்கு மின்சாரம் தராமல், மின்வழங்கியின் 24 முனை இணைப்பியில் பச்சைக் கம்பியையும் பக்கத்துக் கறுப்பையும் காகிதக் கிளிப்பால் இணைத்து பம்பை மட்டும் ஓட விட்டேன். ஒவ்வொரு மூட்டின் கீழும் டிஷ்யூ விரித்தேன். பத்து மணி நேரம் ஆனதும் போதும் என்று தோன்றியது. என் தம்பிதான், சொன்னது 24 மணி நேரம், 24 ஆகட்டும் என்றான். பதினாறாவது மணியில் எழுந்து பார்த்தால், தொட்டியின் மூடுதிருகுக்குக் கீழே டிஷ்யூவில் ஐம்பது சென் நாணயம் அளவுக்கு ஈரம். கழற்றினால் அந்தத் திருகில் வளையமே இல்லை. தொழிற்சாலையிலிருந்தே அப்படி வந்திருக்கிறது. மறுமுறை வாங்கியபோது ஒவ்வொரு ஃபிட்டிங்கையும் பெட்டியிலிருந்து எடுத்ததும் விரலால் தடவிப் பார்த்தேன்.

செந்தூல்வாசி:
ஐயா கேட்டதற்கு: அரிப்புத் தடுப்பான் கலந்த குளிர்நீர்தான் ஊற்றினேன். மூன்றாம் மாதம் ஒரு முறை மாற்றவும் செய்தேன். அப்படியும் இந்தக் கதி. அதனால் ரேடியேட்டரைப் பற்றிச் சொன்னதை மாற்றிக்கொள்ள மாட்டேன்.

பூச்சு உரிந்த பிளாக்கை எறியவில்லை. செம்பு நன்றாகத்தான் இருக்கிறது, கழுவிப் பொருத்தலாம். புதிய செம்பு ரேடியேட்டர் நேற்று வந்தது. அப்பா வேலையிலிருந்து வரும்வரை பெட்டியைப் பிரிக்காமல் வைத்திருந்தேன். தூக்கிப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் கத்தரிக்கோலை எடுத்து நீட்டினார்.

இப்போது ஒரு கேள்வி. இதன் தடிமன் 45 மி.மீ., காற்றாடி 25, ஆக 70. கணினிக் கூட்டின் மேல்புறத்தில் பொருத்தினால் காற்றாடிக்கும் மதர்போர்டின் வெப்பத்தகட்டுக்கும் நடுவே 4 மி.மீ.தான் மிஞ்சுகிறது. முன்புறம் வைத்தால் தொட்டிக்கு இடமில்லை. இப்படி யாராவது பொருத்தியிருக்கிறீர்களா?