உவர்மண்ணில் மரக்கன்றும் வேர்ப்பூஞ்சையும்: பார்த்ததைச் சொல்லுங்கள்

வேரடிமண்:
உவர் நிலத்தில் புங்கன் கன்றுகள் நட்டோம். ஒரு பகுதிக்கு நாற்றங்காலிலேயே, விதைக்குச் சற்றுக் கீழே வேம் (VAM) என்னும், வேரோடு கூடி வாழும் பூஞ்சையை இட்டிருந்தோம், மற்றவற்றுக்கு இல்லை. முதல் கோடையில் வித்தியாசம் தெரிந்தது. பூஞ்சை இல்லாத கன்றுகளில் முதிர்ந்த இலைகள் நுனியிலிருந்து கருகி உதிர்ந்தன. பூஞ்சை பெற்றவையும் முழுக்கத் தப்பவில்லை. ஆனால் கருகல் குறைவு, துளிர்ப்பது நிற்கவில்லை.

பூஞ்சை உப்பைத் தின்றுவிடும் என்று சொல்லி விற்பவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். மண்ணின் உப்பு மண்ணில்தான் இருக்கிறது. பூஞ்சையின் இழைகள் வேர்த்தூவியைவிட மெல்லியவை. வேர் நுழையாத நுண்துளைகளில் புகுந்து நீரையும் பாஸ்பரஸையும் கொண்டுவருகின்றன. சோடியத்தில் ஒரு பங்கு இழைகளிலும் வேரிலுமே தங்கிவிடுகிறது, பொட்டாசியம் கூடுதலாக மேலேறுகிறது. இலை பிழைப்பது பெரும்பாலும் இந்த இரண்டின் விகிதத்தைப் பொறுத்தது. கூலியாக மரம் சர்க்கரையும் கொழுப்பும் தருகிறது.

தோப்புக்காரன்:
நான் பார்த்தது வேறு. தெரிந்தவர் ஒருவர் வளர்ந்த வேம்புகளின் தூரைச் சுற்றி இதே பூஞ்சையைத் தூவினார். வழக்கமான டிஏபி என்ற பாஸ்பரஸ் உரமும் போட்டார். ஒரு மாற்றமும் இல்லை. காசுக்குக் கேடு என்கிறார்.

வேரடிமண்:
அவர் சொல்வதில் வியப்பில்லை நண்பரே. பூஞ்சை உயிருள்ள இளவேரைத் தொட்டால்தான் உள்ளே நுழையும்; மேல்மண்ணில் கிடந்து வெயிலில் காய்ந்தால் வீண். பாஸ்பரஸ் தாராளமாகக் கிடைக்கும் மரம் பூஞ்சைக்குச் சோறு போடாது. தவிர, உப்பு மிகுந்தால் பூஞ்சை வித்துகள் முளைப்பதே தடைப்படும். அதனால்தான் நல்ல மண்ணில், நாற்றங்காலிலேயே வேருக்கும் பூஞ்சைக்கும் கூட்டு அமைந்துவிட வேண்டும் என்கிறேன்.

நுண்ணோக்கி:
நான் ஆய்வகத்தில் வேர்களுக்குச் சாயம் ஏற்றிப் பார்ப்பவள். பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் சூடாக்கி வெளிறச் செய்து ட்ரிபான் நீலம் ஏற்றினால், வேரின் செல்களுக்குள் குட்டி மரம்போல் கிளைத்த இழைகள் நீலமாகத் தெரியும். வெறும் கண்ணால் பார்த்து வேரில் பூஞ்சை இருக்கிறது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

உவர்த் திட்டுகளில் தானாக முளைத்த புற்களின் வேரில் பலமுறை பூஞ்சை நன்றாகக் குடியேறியிருப்பதைப் பார்த்திருக்கிறேன். உப்புக்குப் பழகிய பூஞ்சை அங்கேயே இருக்கிறது! அந்த வேரடி மண்ணைச் சிறிதளவு நாற்றங்கால் கலவையில் சேர்க்கலாம். வேரைத் தாக்கும் நூற்புழு இருக்கிறதா என்று மட்டும் முன்னதாகச் சோதித்துவிடுங்கள். உமரிச் செடியின் அடியில் தோண்ட வேண்டாம். உப்பில் அதுதான் செழிக்கிறது, ஆனால் அந்தக் குடும்பச் செடிகள் பெரும்பாலும் இந்தப் பூஞ்சையோடு சேர்வதில்லை.

தோப்புக்காரன்:
புல் வேரை எந்தப் பருவத்தில் எடுப்பது நல்லது?

நுண்ணோக்கி:
மழைக்குப் பின், புல் பூக்கும் சமயத்தில். வேரோடு ஒட்டிய மண்ணை உதறாமல் எடுங்கள், நிழலில் வையுங்கள்.