கல்லடி வீட்டுக் குழு: அம்மம்மாவின் பெட்டகம்

ஞாயிறு

நான், 7:10
பெட்டகத்துப் பிணைச்சல் இரண்டையும் பூட்டையும் கழற்றிவிட்டேன். படம் பாருங்கள், கறள் செதில் செதிலாகக் கொட்டுகிறது. எல்லாவற்றையும் வினாகிரியில் போடவா மாமா?

பெரிய மாமா, 7:24
பொறு மனே. அது 2004 சுனாமியில் கடல் தண்ணீர் குடித்த இரும்பு. உப்பு கறளுக்கு அடியில் இருக்கும். அதை எடுக்காமல் எவ்வளவு மினுக்கினாலும் மாரி வந்ததும் திரும்பக் கறள் கட்டும்.

பெரிய மாமா, 7:29
முதலில் செதிலைக் கம்பி பிரஷால் எடு. அப்புறம் வோஷிங் சோடா கரைத்த தண்ணீரில் பிணைச்சலை ஒரு கிழமை ஊறவிடு. சோடா இருந்தால் ஊறும்போது புதுக் கறள் அவ்வளவாகப் பிடிக்காது. தண்ணீரை ஒவ்வொரு நாளும் மாற்று. உங்கள் கிணறு உவர், குழாய்த் தண்ணீரே எடு.

அக்கா, 7:41
பூட்டு மஞ்சளாகத் தெரிகிறதே?

நான், 7:43
தகடு பித்தளை, காந்தம் ஒட்டவில்லை. உள்ளே வில் இரும்பு.

பெரிய மாமா, 7:50
அப்படியென்றால் பூட்டை வினாகிரிக்குக் கிட்டவும் கொண்டுபோகாதே. பித்தளையில் உள்ள நாகம் என்ற உலோகம் கரைந்து தகடு செம்பு நிறமாகும். வில்லை அமிலத்தில் ஊறவிட்டால் ஐதரசன் உருக்குக்குள் இறங்கி, ஒரு நாள் பட்டென்று முறியும். மண்ணெண்ணெயும் பழைய பல் பிரஷும் போதும்.

அம்மா, 8:15
தகட்டை மினுக்க வேண்டாம் பிள்ளை. திறப்புத் துவாரத்துக்குப் பக்கத்தில் ஒரு இடம் வழவழப்பாகத் தேய்ந்திருக்கும். அம்மாவின் பெருவிரல் பட்ட இடம் அது.

நான், 8:17
இருக்கிறது அம்மா. தொடமாட்டேன்.

அடுத்த திங்கள்

நான், 16:05
ஒரு கிழமை சோடாத் தண்ணீரில் ஊறிய பிணைச்சல் நேற்றிரவு முழுக்க வினாகிரியில் கிடந்தது. கறள் கறுப்புச் சேறாகக் கழன்றுவிட்டது. அப்பச்சோடாத் தண்ணீரில் கழுவிக் காற்றில் வைத்தேன், பத்து நிமிடத்தில் செம்மஞ்சளாக ஒரு படை!

பெரிய மாமா, 16:09
வெறும் இரும்பு ஈரத்தோடு நின்றால் அப்படித்தான். அந்தப் படையைத் தேய்த்து எடுத்துவிட்டு, கடுஞ்சாயத் தேயிலைத் தண்ணீரில் இரவு முழுக்கப் போடு. தேயிலையில் உள்ள தனின் என்ற துவர்ப்புப் பொருள் இரும்போடு சேர்ந்து கருநீலமாகப் பிடிக்கும். எடுத்ததும் துடைத்து, அடுப்புச் சூட்டில் காட்டி, சூடு ஆறுமுன் தையல் மெஷின் எண்ணெய் பூசு.

சின்ன மாமி, 16:20
தேங்காய் எண்ணெய் ஆகாதா அண்ணா?

பெரிய மாமா, 16:22
நாளாக நாளாகப் பிசின்போல ஒட்டும் தங்கச்சி, தூசியும் பிடிக்கும்.

செவ்வாய்

நான், 9:30
மாமா, எண்ணெய் போட்டபிறகுதான் கண்டேன். ஒரு பிணைச்சலின் பின்பக்கம் உளியால் ஒரு கோடு, மற்றதில் இரண்டு கோடு.

பெரிய மாமா, 9:34
தச்சர் போட்ட அடையாளம். எது எந்தப் பக்கம் என்று மாறாமலிருக்க வைத்தது. பெட்டகத்து மரத்திலும் இருக்கும், பிணைச்சல் இருந்த குழிக்குள் பார்.

நான், 9:41
இருக்கிறது. இடப்பக்கம் ஒரு கோடு, வலப்பக்கம் இரண்டு.