கூட்ஸ் இழுப்பதில் பழைய ஆல்கோவா, புது இஎம்டியா?

பொன்மலை ரசிகன்:
கூட்ஸ் வண்டி கிளம்புவதைப் பார்க்க, பழைய அமெரிக்க வடிவமைப்பு டீசல் இன்ஜினான ஆல்கோவுக்கு நிகர் கிடையாது. விருத்தாசலம்–சேலம் பாதையில் மின்கம்பி வருவதற்கு முன்பு, இரண்டு டபிள்யூடிஜி-3ஏ (ஆல்கோ ரக கூட்ஸ் இன்ஜின்) ஜோடியாக நிலக்கரி லோடை எடுப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். நாட்ச் (இன்ஜின் சக்தியைக் கூட்டும் படிநிலை) ஏற ஏறச் சத்தம் கனத்துக்கொண்டே போகும், வண்டி அசையாது. அப்புறம் வேகன்களை இணைக்கும் கப்ளர்கள் ஒவ்வொன்றாக இழுபட்டு, அந்த அதிர்வு கடைசி வேகன் வரை ஓடும். இன்னொரு அமெரிக்க நிறுவனமான இஎம்டியின் வடிவமைப்பில் வந்த டபிள்யூடிஜி-4 இதே லோடை எடுக்கும்போது இந்தப் பாடு வெளியே தெரிவதே இல்லை.

மலைப்பாதை:
பாடு தெரியாமல் இழுப்பதுதானே நல்ல இன்ஜின்? கிளம்பும்போது உங்கள் 3ஏ தரும் இழுவிசை சுமார் 38 டன், டபிள்யூடிஜி-4 தருவது சுமார் 54 டன். எடையோ 123, 126 டன் என்று கிட்டத்தட்ட ஒன்றுதான். வித்தியாசம் சக்கரத்தைச் சுழற்றும் மின்மோட்டாரில் இருக்கிறது. 3ஏ-வின் டிசி மோட்டாரில் சக்கரம் வழுக்கினால் நாட்சைக் குறைத்து, மணல் விட்டு, மறுபடி ஏற்ற வேண்டும். டபிள்யூடிஜி-4-ன் ஏசி மோட்டாரில் வழுக்கலைக் கணினியே நுணுக்கமாகப் பிடித்துவிடும்.

கோவா–கர்நாடகா எல்லை மலையில் உள்ள குலெம்–கேஸில் ராக் ஏற்றத்துக்கு ஒருமுறை வாருங்கள். 37 மீட்டருக்கு 1 மீட்டர் ஏற்றம். நிலக்கரி ரேக்கைப் பின்னாலிருந்து பேங்கர்கள் (துணை இன்ஜின்கள்) தள்ளுகின்றன. அங்கே வழுக்கல் என்பது வேடிக்கை இல்லை. முதல் டபிள்யூடிஜி-4-களை ஹூப்ளி ஷெட்டுக்குக் கொடுத்ததில் அர்த்தம் இருக்கிறது.

ரயிலடித் தெரு:
எங்கள் வீடு யார்டை ஒட்டி இருக்கிறது. நீங்கள் படம் எடுக்கும் கரும்புகை எங்கள் கொடித்துணியில்தான் வந்து உட்காரும். அதை அழகு என்று சொல்லாதீர்கள்.

பொன்மலை ரசிகன்:
சரி, புகையை நானும் கொண்டாடவில்லை. ஆல்கோவில் இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தரும் டர்போ, புகைபோக்கி வாயுவால் மட்டுமே சுழல்கிறது. நாட்சைத் திறந்ததும் டீசல் உடனே உள்ளே போய்விடும், டர்போ வேகம் பிடித்துக் காற்றைத் தரக் கொஞ்சம் நேரமாகும். அந்த இடைவெளியில் பாதி எரிந்த டீசல்தான் கரியாக வருகிறது. இஎம்டியில் குறைந்த வேகத்தில் இன்ஜினே கியர் மூலம் டர்போவைச் சுழற்றும், அதனால் புகை குறைவு.

ஆனால் ஆல்கோ இன்ஜின் நமக்குச் செய்ததை மறக்க முடியாது. 1962-ல் அதன் டபிள்யூடிஎம்-2 ரகம் இறக்குமதியாகி வந்தது, 1964-லேயே வாரணாசியில் கட்ட ஆரம்பித்தோம். அமெரிக்காவில் ஆல்கோ 1969-ல் ரயில் இன்ஜின் தொழிலை விட்டுவிட்டது. இங்கே அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள் ஆல்கோவின் அதே 251 ரக டீசல் இன்ஜின் புதிதாகப் பிறந்துகொண்டிருந்தது. 2600 குதிரைத்திறனில் தொடங்கியதை 3100-ஐயும் தாண்டிக் கொண்டுபோனவர்கள் நம் ஆட்கள்.

மலைப்பாதை:
அந்த மரியாதை எனக்கும் உண்டு அண்ணா. அருங்காட்சியகத்தில் வையுங்கள், நானே வந்து பார்க்கிறேன். மெயின் லைனில் 4,000 டன்னுக்கு மேல் கட்டி, ஏற்றத்தில் அது நின்றுபோனால் பின்னால் வரும் வண்டி எல்லாம் நிற்கும். அதைத்தான் எதிர்க்கிறேன்.

பொன்மலை ரசிகன்:
முழு லோடு வேண்டாம். சமதளக் கிளைப்பாதையில் இருபது வேகன் கட்டி, ஆண்டுக்கு ஒருமுறை ஓட்டட்டும். மேட்டுப்பாளையம்–குன்னூர் ஏற்றத்தில் இன்றும் நீராவி இன்ஜின் பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு போகிறதே. 251-க்கும் அந்த இடம் கொடுங்கள்.

ரயிலடித் தெரு:
ஆண்டுக்கு ஒருமுறை என்றால் எங்கள் யார்டிலிருந்தே கிளம்பட்டும். அன்றைக்குத் துணி காயப்போட மாட்டோம்.