புதுப்பிப்பு: அந்தப் பச்சை ஹெல்மெட் இத்தாலியுடையதுதான்

பாஸ்கட் (PASGT, அமெரிக்க ராணுவ ஹெல்மெட் வகை) என்று சொல்லி எனக்கு விற்ற ஹெல்மெட் நிஜமாகவே அதுதானா என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

முதலில் காந்தம் வைத்துப் பார்த்தேன், ஓட்டில் ஒட்டவில்லை. சரி, இத்தாலியின் பழைய எஃகு ஹெல்மெட்டான எம்33 இல்லை என்பது மட்டும் உறுதி. பாஸ்கட்டும் காந்தம் ஒட்டாத செயற்கை நாரான கெவ்லார்தான் என்பதால் அதற்கு மேல் காந்தம் உதவாது.

விடை தந்தது "உள்பட்டையைக் கழற்றிப் பாருங்கள்" என்ற யோசனை. வியர்வைக் கறைக்கு அடியில், பாதி கிழிந்த லேபிளில் 'செப்ட்-2' என்று இருந்தது. எம்33-க்குப் பதிலாக 1990-களில் இத்தாலிய ராணுவத்துக்கு வந்த அராமிட் (கெவ்லார் வகை நார்) ஹெல்மெட்.

எதிர்பாராதது: விளிம்பு ரப்பர் விலகிய இடத்தில் மஞ்சள் நார் பஞ்சு மாதிரி பிரிந்து நிற்கிறது. அராமிடுக்கு வெயில் ஆகாது, அதனால் ஜன்னலோர அலமாரியிலிருந்து அப்புறப்படுத்திவிட்டேன். பெயின்ட் அடிக்கப் போவதில்லை.