ஹெர்பர்ட் சாப்மேன்: செண்டர் ஹாஃபைப் பின்னால் இழுத்தது மட்டும் போதுமா?

கேள்வி:
கால்பந்து ஆட்டக்காரராக இங்கிலாந்தின் சாப்மேன் பெரிதாகப் பேர் வாங்கவில்லை. கிளப் கிளப்பாக மாறிக்கொண்டிருந்தவர். 1907இல் நார்தாம்ப்டனில் ஆடிக்கொண்டே மேனேஜரானார், 1908-09இல் சதர்ன் லீக்கை வென்றார். பிறகு ஹடர்ஸ்ஃபீல்டு, ஆர்சனல். நடுக்கள ஆட்டக்காரரான செண்டர் ஹாஃபை, ஃபுல்பேக்குகள் எனும் இரண்டு பின்வரிசைத் தடுப்பாளர்களுக்கு நடுவே இழுப்பதுதான் அவருடைய மூன்று பேக் முறை. 1925க்குப் பிறகு அதைப் பல அணிகள் எடுத்துக்கொண்டனவே, அவற்றுக்கு ஏன் அதே பலன் கிடைக்கவில்லை?

பதில் 1:
முதலில் விதியைப் பாருங்கள். பழைய ஆஃப்சைடு விதிப்படி ஃபார்வர்டுக்கும் கோல் கோட்டுக்கும் நடுவில் எதிரணியினர் 3 பேர் இருக்க வேண்டும். ஒரு ஃபுல்பேக் ஏறி வந்தாலே எதிரணி ஃபார்வர்டு ஆஃப்சைடு, அதுதான் பொறி. கணக்குத் தப்பினாலும் மற்ற ஃபுல்பேக் பின்னால் நிற்பார். 1925இல் 3 என்பது 2 ஆனதும் அந்தக் காவல் போயிற்று. பொறி பிசகினால் கோல்கீப்பர் தனியாள். இங்கிலாந்தின் உச்ச லீக்கான முதல் டிவிஷனின் மொத்த கோல்கள் ஒரே சீசனில் 1,192இலிருந்து 1,703 ஆயின.

அந்த ஆண்டு அக்டோபர் 3 அன்று நியூகாசிலிடம் சாப்மேனின் ஆர்சனல் 0-7 என்று தோற்றது. செண்டர் ஹாஃப் ஜாக் பட்லர் பின்னால் இறங்கட்டும் என்றவர் ஆர்சனல் ஆட்டக்காரர் சார்லி புக்கன். யோசனை சாப்மேனுடையது அல்ல. ஆனால் நடுக்களத்தில் விழும் ஓட்டையை அடைக்க ஆண்டி நீல் என்ற இன்சைடு ஃபார்வர்டையும் (நடு ஃபார்வர்டுக்குப் பக்கத்தில் ஆடுபவர்) கீழே இறக்கினார்கள். அடுத்த ஆட்டத்தில் வெஸ்ட் ஹாமை 4-0 என்று வென்றார்கள்.

பதில் 2:
பலர் கோட்டைவிட்டது அந்த நடுக்கள ஓட்டையை அடைப்பதில்தான். செண்டர் ஹாஃபை மட்டும் இழுத்தால், தடுத்து அடிக்கும் பந்தை வாங்க நடுவில் ஆளில்லை. அது எதிரணிக்கே போய், மறுபடி நம் கோலுக்கு வரும். இன்னொன்று: ஃபுல்பேக்குகள் அகன்று போய், ஓரங்களில் ஓடும் விங்கர்களைப் பிடிக்க வேண்டும், செண்டர் ஹாஃபின் இருபுறமும் ஆடும் விங் ஹாஃப்கள் எதிரணி இன்சைடு ஃபார்வர்டுகளை. பழைய பழக்கத்தில் ஃபுல்பேக்குகள் நடுவிலேயே நின்றால் மூவரும் ஒரே இடத்தில் நெரிவார்கள், விங்கர் சும்மா ஓடுவார்.

சாப்மேனுக்கே ஆட்கள் பொருந்த வருடங்கள் பிடித்தன. செண்டர் ஹாஃபாகத் தடுக்க மட்டுமே என்று ஹெர்பி ராபர்ட்ஸ். 1929இல் பிரஸ்டனிலிருந்து 8,750 பவுண்டுக்கு அலெக்ஸ் ஜேம்ஸ்: பின்னால் வந்து பந்தை வாங்கி, விங்கர்கள் பாஸ்டினுக்கும் ஹியூமுக்கும் நீளமாகக் கொடுப்பார். அவர் வந்த சீசனிலேயே, 1930இல், எஃப்.ஏ. கோப்பை, 1930-31இல் லீக்.

பதில் 3:
எல்லாவற்றையும் மூன்றாவது பேக்கின் கணக்கில் எழுதாதீர்கள். 1924-25இல், பழைய விதியிலேயே, சாப்மேனின் ஹடர்ஸ்ஃபீல்டு 42 ஆட்டங்களில் எதிரணிகளிடம் வாங்கியது 28 கோல்தான். எந்த ஆட்டத்திலும் இரண்டுக்கு மேல் இல்லை. அதற்கு முந்தைய சீசனில் கார்டிஃபும் அவர்களும் சம புள்ளி. ஹடர்ஸ்ஃபீல்டு 60 அடித்து 33 வாங்கியது, கார்டிஃப் 61க்கு 34. வித்தியாசம் இருவருக்கும் 27. அப்போது அடித்ததை வாங்கியதால் வகுத்துத்தான் பார்த்தார்கள்: 1.818க்கு 1.794. குறைவாக வாங்கியவர்களுக்குப் பட்டம்.