வளைவுக்கு முதல் ஒரு களம்

உறவுகளுக்கு வணக்கம்.

தை மாதம் ஊரில் நின்றுவிட்டுப் போன கிழமைதான் திரும்பினேன். ஊர் வாசலில் வளைவு கட்ட நாங்கள் காசு சேர்க்கும் கதை இங்கே ஓடுகிறது. அதற்கு முதல் நெல் காயப்போட ஒரு களம் வேண்டும் என்பது என் எண்ணம். ஏனென்று, நான் கண்டதைச் சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் சின்னப்பிள்ளையாய் இருந்த காலத்தில் காலபோகத்துக்கு, அதுதான் மாரி மழையில் செய்யும் நெல்லுக்கு, ஒரு கணக்கு இருந்தது. புரட்டாதியில் புழுதி விதைப்பு, ஐப்பசி மழையில் முளை, மாசியில் அரிவு வெட்டு. இப்போது மழை பிந்தி, விதைநெல் புழுதிக்குள்ளேயே கிடந்து காய்கிறது. இரண்டாவது முறை விதைத்தவர்களும் உண்டு. பிறகு ஒரேயடியாகக் கொட்டித் தீர்க்கிறது. 2016, 2017இல் வரட்சி. 2018 மார்கழியில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகளைத் திறந்துவிட, கிளிநொச்சி வெள்ளத்தில் நின்றது. 2020 மார்கழியில் புரெவிப் புயல் திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடையில் கரையேறியது.

ஆனால் புயலைவிட ஆளைக் கொல்வது தை மழைதான். புயலென்றால் நிவாரணமாவது கதைப்பார்கள். தம்பியின் வயலில் விளைந்த நெல் சாய்ந்து தண்ணீருக்குள் படுத்துக் கிடந்தது. ஒரு கதிரை இழுத்து என் உள்ளங்கையில் வைத்தான். மணிகளின் நுனியில் வெள்ளையாய் முளை! வெட்டு மெசின் சேற்றில் இறங்க ஏலாமல் மூன்று நாள் றோட்டிலேயே நின்றது.

வெட்டின பிறகும் பாடு முடியவில்லை. அரச கொள்வனவுக்கு ஈரப்பதன் 14 வீதத்துக்கு மேல் போகக்கூடாது. நெல்லோ ஈரத்தில் சூடேறி நாறத் தொடங்குகிறது. காயப்போட இடம் தார் றோட்டுத்தான். மச்சாள் காலால் கிளறிக்கொண்டு நிற்பா, வானம் கறுத்தால் தறப்பாளைத் தூக்கிக்கொண்டு ஓடுவா. ஒரு பின்னேரம் நானும் ஓடினேன், பாதி நெல் நனைந்த பிறகுதான் தறப்பாள் விரிந்தது. அடுத்த நாள் லொறிக்காரன் சொன்ன விலைக்கே கொடுத்துவிட்டார்கள்.

வயது குறைந்த நெல்லைப் போடலாமே என்று இங்கிருந்து சொல்வது சுகம். மூன்று மாத நெல்லோ மூன்றரை மாத நெல்லோ, மழை எந்தக் கிழமை வரும் என்று தெரிந்தால்தானே பிரயோசனம். பூக்கிற நேரம் அடித்தால் பதர், விளைந்த பிறகு அடித்தால் முளை.

கமக்காரர் அமைப்போடு கதைத்தேன். சீமெந்துக் களம் ஒன்றும், மேலே தகரக் கூரையும் போதும் என்கிறார்கள். காணி பொதுக்காணியாக இருப்பது நல்லது, பிறகு சண்டை வராது.

ஞாயிறு கூட்டத்தில் இதை முதல் எடுங்கள். வளைவுக்கென்று என் பெயரில் எழுதியிருக்கும் காசைக் களத்துக்கு மாற்றிவிடுங்கள்.